கருவேலங்காடு போன கோடை

ஜேசிபி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் சைட்டுக்கு இல்லை, பக்கத்து நிலத்துக்கு. ஏனாத்தூருக்கு வெளியே மாணவர்களுக்காக ஒரு தனியார் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். சைட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. யாரோ அந்த நிலத்தை வாங்கி மனை பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. நான் இரண்டாம் மாடியில் நின்று செங்கல் கட்டு நூல் பிடித்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அந்த மஞ்சள் வண்டி முள்ளை வேரோடு பிடுங்கி ஒரு மூலையில் குவித்துக்கொண்டே போனது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்த இடம் மொட்டையாகிவிட்டது. எங்களுக்கு ரோடு தெரிந்தது. ரோட்டில் போகும் காலேஜ் பஸ் தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு எங்களையும் தெரிந்திருக்கும்.

செங்கல் சுமந்துகொண்டிருந்த பெண்கள் சட்டியை இறக்கிவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், நாங்கள் தென்னேரி அக்கா என்று கூப்பிடுபவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “போச்சுடி” என்றார்.

நானும் பெண்தான்; எது போச்சு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சைட்டில் இருந்தது ஒரே ஒரு கழிவறை. கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் வந்திருந்த வடநாட்டு ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகைகளுக்கு நடுவில் அது இருந்தது. அதன் வாசலிலேயே அவர்கள் குளிக்கும் தொட்டி. கதவு என்று ஒரு தகரம். உள்ளே போனவர் அதைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் அந்தப் பக்கமே போனதில்லை. அவர்களுக்குக் கருவேலங்காடுதான். இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவலுக்கு.

எனக்கு ஸ்கூட்டி இருந்தது. மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க் கழிவறைக்கு மதியம் ஒருமுறை போய்வருவேன். “சிமெண்ட் லோடு எங்க வருதுன்னு பாத்துட்டு வரேன்” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எங்கே போகிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். காலையில் வீட்டில் குடிக்கும் காபிக்குப் பிறகு அந்த நேரம்வரை வாயில் தண்ணீர் படாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அது எனக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள் நுழைந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பேன். தறியில் உட்கார்ந்திருக்கும் மாமியார் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். “அங்க தண்ணியே குடுக்க மாட்டாங்களாமா?” என்று கேட்பார். “குடுக்கறாங்க அத்தை” என்பேன்.

சைட் இன்ஜினியர் வேலை என்பது பாதி நடப்பதுதான். கீழே மணல் இறங்குகிறதா, மேலே சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறதா, எலக்ட்ரீஷியன் வந்தானா, வந்தவன் பைப் பதித்தானா என்று நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். கல்லூரி திறப்பதற்குள் விடுதியை ஒப்படைக்க வேண்டும் என்று ஓனர் பிடிவாதமாக இருந்தார். அதனால் எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சென்னையிலிருந்து காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன் போட்டுவிடுவார். “இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க? எவ்ளோ சுவர் ஏறிச்சு?” இந்த இரண்டும்தான் கேள்வி. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலே இருந்தவர் அவரை விரட்டினார், அவர் என்னை விரட்டினார். போன் அடிக்காதபோதும் அடிப்பதுபோலவே எனக்கு இருக்கும். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

காடு போன மறுநாளிலிருந்து பெண்கள் வயல் தாண்டி ஒரு பம்புசெட்டு ரூம் பக்கம் போக ஆரம்பித்தார்கள். தூரம் அதிகம். வெட்டவெளி என்பதால் நான்கு பேராகச் சேர்ந்து போய், சேலையை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை மேலே கொத்தனார்கள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி திருப்புட்குழிக்காரர்; பேச்சில் சூடு அதிகம், கையில் வேலை சுத்தம்.

“மேடம், கலவை காஞ்சிப் போவுது. இவுங்க ஊர்வலம் போயிக்கினு இருக்காங்க. நான் இன்னா பண்றது, கல்ல கையால தேச்சிக்கினு குந்தியிருக்கறதா?”

மேனேஜரிடமும் அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அன்று மாலை மேனேஜர் என்னிடம், “லேபர்ஸ் கும்பலா வெளியில போறாங்களாமே? ஒவ்வொருத்தரா போகச் சொல்லுங்கம்மா. புரொடக்டிவிட்டி அடி வாங்குது” என்றார்.

ஒவ்வொருத்தராக எப்படிப் போவது என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. “அங்க ஒரு டாய்லெட் இருக்குல்ல?” என்றார்.

“அது ஆம்பளைங்க குளிக்கிற இடத்துல இருக்கு சார். லேடீஸுக்குத் தனியா ஒண்ணு போட்டுடலாம்.”

“கட்டடமே முடியப்போற ஸ்டேஜ். இப்பப் போய் தனியா குழி தோண்டி, ஷெட்டு போட்டு… அதுக்கு வேற ஓனர்கிட்ட அப்ரூவல் கேக்கணும்.”

“தனியா வேணாம் சார். கட்டடத்துலயே கிரவுண்ட் ஃப்ளோர் மூலையில ஒண்ண முதல்ல முடிச்சிக் குடுத்துடலாம். செப்டிக் டேங்க் ரெடியா இருக்கு.”

“ஸ்டூடண்ட்ஸுக்குப் போட்ட ஃபிட்டிங்க சிமெண்ட் கையோட யூஸ் பண்ணா ஹேண்ட்ஓவர்ல யார் பதில் சொல்றது? கொஞ்சம் மேனேஜ் பண்ணுங்கம்மா.”

எல்லா மாடியிலும் வரிசையாகக் கழிவறைகள் வரப்போகிற கட்டடம் அது. அந்தப் பெண்கள் அந்த வாரம் சுமந்த செங்கலில் பாதி அந்தக் கழிவறைகளின் குறுக்குச் சுவர்களுக்குத்தான் போனது.

அடுத்த சில நாளில் ஊர்வலம் தானாகவே நின்றுவிட்டது. மேஸ்திரிக்குச் சந்தோஷம். கலவை காயவில்லை, சுவர் மளமளவென்று ஏறியது. மேனேஜரும் போனில், “இப்ப எப்படி மேனேஜ் ஆச்சு பாத்தீங்களா?” என்றார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. சைட்டில் வைத்திருந்த தண்ணீர்க் கேன்களில் ஆண்கள் பக்கத்துக் கேன் காலி ஆகிக்கொண்டே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே பெண்களுக்கு வைத்தது சாயங்காலமும் கழுத்துவரை நிறைந்தே நின்றது. பதினொரு மணிக்கு மோர் வரும். பெண்கள் தங்கள் பங்கை வாங்கி அப்படியே கொத்தனார்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

“குடிங்கக்கா” என்று நான் சொன்னேன்.

“தாகம் இல்லமா” என்றார் தென்னேரி அக்கா. உதடு வெடித்து அதில் சிமெண்ட் தூசி அப்பியிருந்தது.

அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்க்கவில்லை, அவர்கள் நடையைத்தான் பார்த்தேன். யார் படியேறும்போது சுவரைப் பிடிக்கிறாள், யார் சட்டியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று. தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் அடுக்குகிற பெண்ணுக்கு ஹெல்மெட் போடவும் முடியாது. வெளிச்சுவர் எழும்பாத பக்கங்களில் கயிறு கட்டச் சொல்லியிருந்தேன். கட்டியிருந்தார்கள். ஆனாலும் பொருள் ஏற்ற வசதியாக ஒரு பக்கத்தை அவிழ்த்துவிடுவார்கள். நான் மறுபடி கட்டச் சொல்வேன், மறுபடி அவிழ்ப்பார்கள்.

விழுந்தது அக்காவின் அண்ணன் மகள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆன பெண், அந்தக் கூட்டத்திலேயே வேகமானவள். இரண்டாம் மாடிப் படியின் கடைசிப் படிக்கட்டில் ஏறி, தளத்தில் கால் வைத்தவள், கொத்தனார் இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தாள். அந்தப் பக்கம் இன்னும் சுவர் இல்லை; கயிற்றையும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். “ஏய், இந்தப் பக்கம்!” என்று அக்கா கத்தினார். அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. முழங்கால் மடங்கியது. அவள் பக்கவாட்டில், தளத்தில் கொட்டியிருந்த மணல் குவியலின் மேல் சரிந்தாள். தலையிலிருந்த செங்கற்கள் மட்டும் தளத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்க் கீழே விழுந்தன.

கீழே ஒருவர் மணல் சலித்துக்கொண்டிருந்தார். செங்கல் விழுந்த சத்தம் கேட்டதும் அவள் மேல் வைத்த கண்ணை எடுத்து நான் விளிம்புக்கு ஓடினேன். ஒரு கல் சல்லடையின் நடுவில் விழுந்து கம்பி வலையைப் பிய்த்திருந்தது. அவர் ஓர் எட்டு தள்ளி, மண்வெட்டியைப் பிடித்தபடி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். “ஒண்ணும் ஆவல மேடம்” என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

மேஸ்திரி அதற்குள் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார். கண் திறந்தாள், ஆனால் பேச்சு குழறியது. ஆட்டோ வரும்வரை காத்திருக்க மனம் இல்லை. அவளை ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் உட்காரவைத்தோம். அவளுக்குப் பின்னால் அக்கா ஏறி இரண்டு கையாலும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படியே மூவரும் டவுனுக்குள் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். வழி முழுக்க அக்கா அவள் காதில் ஏதாவது பேசிக்கொண்டே வந்தார். “தூங்காதடி. இதோ வந்துட்டோம். தூங்காத.”

அங்கே இருந்த டாக்டர் ஒரு வயதான அம்மா. டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, “காலையில இருந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?” என்று கேட்டார்.

“ஊட்ல இருந்து கெளம்ப சொல்லோ ஒரு டம்ளர் காபி” என்றாள்.

“நேத்து?”

அவள் அத்தையைப் பார்த்தாள். அக்கா சொன்னார்: “ஒரு வாரமா ஒண்ணுக்கு போனா எரியுதுன்றா டாக்டர். குடிச்சாதானே போணும்னு குடிக்கறதே இல்ல. நாங்க யாரும் குடிக்கறதில்ல.”

டாக்டர் எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க யாரு, சூப்பர்வைசரா?”

“இன்ஜினியர்.”

“நீங்களும் குடிக்கறதில்ல போல. நாக்கைக் காட்டுங்க” என்றார். நான் காட்டினேன். எனக்கும் சேர்த்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை தென்னேரியிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ வரவில்லை. ஒரு பெண்கூட வரவில்லை. கொத்தனார்கள் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தாள் இல்லாமல் கொத்தனார் வேலை கிடையாது. கல்லும் கலவையும் கைக்கு வந்தால்தான் சுவர். மேனேஜருக்குச் சொன்னேன். “வேற ஆள் பிடிங்க” என்றார். திருவிழா, கல்யாணம், ஏரி வேலை என்று எல்லா ஊரிலும் ஆள் தட்டுப்பாடு. அவருக்கும் அது தெரியும். “அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க. எப்படியாவது” என்று வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். ஏரிக்கரை மேலேயே பாதை. கோடையிலும் நடுவில் தண்ணீர் கிடந்தது. அக்கா வீட்டு வாசலில் கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, ஆனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

“இப்ப எப்படிக்கா இருக்கா?”

“இருக்குறா. அவ மாமியா ஊட்ல பேயாட்டம் ஆடறாங்க. இனிமே கட்டட வேலைக்கே அனுப்ப மாட்டாங்களாம்.”

“நீங்கல்லாம் ஏன் வரல?”

“வந்து?” என்றார். செதிலை உரசிக்கொண்டே இருந்தார். “நான் சண்ட போடலமா. எனக்கு உன் மேல கோவம் இல்ல. ஆனா அவ அந்தப் பக்கம் ஓர் அடி வச்சிருந்தா நான் என் அண்ணனுக்கு இன்னா சொல்லுவேன்? அத நெனச்சிக்கினு ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்தேன்.”

நானும் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

“கதவு போட்டு, உள்தாப்பா போட்டு, உள்ள தண்ணி குழாய் வச்சித் தந்தா வருவீங்களா?”

“ஆம்பளைங்க பக்கத்துல வேணாம்.”

“வேணாம். கட்டடத்துக்கு உள்ளேயே, முன்மூலையில.”

“உங்க சார் ஒத்துக்கினாரா?”

அங்கேயே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அக்கா மீனைக் கழுவி முடித்துவிட்டுத் தண்ணீரை வாழைமரத்து அடியில் ஊற்றினார். “பாத்தியா” என்றார்.

“நான் போடறேன்க்கா. நாளைக்கு இல்ல, நாளை கழிச்சி வாங்க. வந்து பாருங்க. இல்லன்னா அதே ஆட்டோல திரும்பிப் போயிடுங்க. ஆட்டோக்காரர நான் நிக்கச் சொல்றேன்.”

அவர் யோசித்தார். “வந்து பாக்கறோம்” என்றார். வருகிறோம் என்று சொல்லவில்லை.

கரைமேல் திரும்பி வரும்போது என் துணிச்சல் பாதி இறங்கிவிட்டது. ஓனர் கட்டடத்தில் யாரையும் கேட்காமல் கைவைத்தால் வேலை போகலாம். வேறு சைட்டில் சேரலாம்தான். ஆனால் கல்யாணமான பெண்ணை சைட் வேலைக்கு எடுக்க எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள் என்று நான் பார்த்தவள். வண்டியை நிறுத்தி யோசித்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து நிற்காமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சைட்டுக்கு வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் காதைச் சொறிந்துகொண்டார். “சார் திட்டுவாரு மேடம்.”

“என்னைத் திட்டட்டும். உங்க ஆளுங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க.”

“சித்தாள் இல்லாம யாரு கலவை கலக்கறது?”

“நீங்கதான்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி ஆன பிறகு அவர் கலவை தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மம்பட்டியை எடுத்தார். கொத்தனார்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு செங்கலைத் தாங்களே தூக்கிவந்தார்கள். ஒருவர் இரண்டு நடை நடந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “இத எப்பிடி மாடிக்குத் தூக்கினு போறாளுங்க?” என்றார். வடநாட்டு ஆட்களில் தலைவனாக இருந்தவர் என்ன நடக்கிறது என்று வந்து பார்த்தார். கைஜாடையோடு தமிழில் நான் விளக்கினேன், அரைகுறை இந்தியில் மேஸ்திரி விளக்கினார். அவர் போய் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து செப்டிக் டேங்க் வரைக்கும் பைப்புக்குக் கால்வாய் வெட்டிக் கொடுத்தார். பிளம்பரைப் பல போன் போட்டு இழுத்துவந்தேன். கதவுக்கு சென்ட்ரிங் பிளைவுட். தாழ்ப்பாள் மட்டும் நானே பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடையில் போய், கையில் போட்டு இழுத்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர், “எந்த ரூமுக்குமா?” என்றார். “முக்கியமான ரூமுக்கு” என்றேன்.

எல்லாம் முடிகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் மேனேஜரின் கார் வந்து நின்றது. சுவர் ஏறவில்லை என்பதைப் பார்த்தார். மேஸ்திரி கையில் மம்பட்டியைப் பார்த்தார். பிளைவுட் கதவைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

“உங்களுக்குப் போன் பண்ணேன் சார். எடுக்கல.”

“எடுக்கலன்னா உங்க இஷ்டத்துக்கா? நாளைக்கு ஓனர் வந்து கேட்டா?”

அவருக்குப் பழகிய பேச்சிலேயே பேசினேன். அந்தப் பெண் மணல் மேல் விழாமல் வெளிப்பக்கம் விழுந்திருந்தால் இன்று சைட்டில் போலீஸ் நின்றிருக்கும், வேலை எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது, ஓனர் கல்லூரி திறப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்றேன். “அவ ஏன் மயங்கி விழுந்தான்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க சார். தண்ணி குடிக்காத ஆளு எப்படி சார் வேலை செய்யும்?”

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது, திறக்கும் சத்தம் கேட்டது, மறுபடி விழும் சத்தம். குழாயைத் திறந்து பார்த்தார் போல. மேஸ்திரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே நின்றோம். மேனேஜர் வெளியே வந்து, “உள்ள ஒரு பல்பு போடுங்க, இருட்டா இருக்கு” என்றார். காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, “ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்த சைட்டுக்கும் காட்டணும்” என்றார். பிறகு நடந்த மீட்டிங்கில் அது அவருடைய ஏற்பாடாகத்தான் பேசப்பட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னதால்தான் இன்னொரு சைட்டில் அப்படி ஒன்று கட்டினார்கள். நான் சொல்லியிருந்தால் கட்டியிருக்க மாட்டார்கள்.

சொன்ன நாளில் ஆட்டோ வந்தது. அக்கா இறங்கி நேராக முன்மூலைக்குப் போனார். மற்றவர்கள் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்தவர் ஆட்டோக்காரரைப் பார்த்து, “நீ போப்பா” என்று கையை ஆட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் கூட்டத்தில் இல்லை. மயங்கி விழுந்தவளை மாமியார் வீட்டில் அனுப்பவில்லை.

வேலை வேகம் பிடித்தது. ஒருவரும் வயலுக்குப் போகவில்லை, ஒருவரும் படியில் சுவரைப் பிடிக்கவில்லை. மோர் வந்தால் கொத்தனார்கள் ஆசையோடு பார்ப்பார்கள், பெண்கள் தர மாட்டார்கள். கல்லூரி திறந்து சில நாள் தள்ளித்தான் கட்டடம் முடிந்தது. அதற்காக யாரையும் யாரும் தூக்கில் போடவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஒருநாள் காலை வாலாஜாபாத் கூட்டு ரோட்டில் சிக்னலுக்கு நின்றேன். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் அன்று மயங்கி விழுந்த பெண் நின்றிருந்தாள். நீல நிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வண்டியை ஓரம் கட்டினேன்.

“எப்படி இருக்க? உடம்பு?”

“நல்லா இருக்கேன்க்கா. ஃபேக்டரில சேந்துட்டேன். ஏசி. உக்காந்துக்கினே வேல.” முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும்தான். லைன்ல இருந்து எழுந்து பாத்ரூம் போணும்னா சூப்பர்வைசர்கிட்ட அட்டை வாங்கிக்கினு போணும். ஒரு லைனுக்கு ஒரே அட்டை” என்றாள்.

“அப்ப தண்ணி?”

அவள் சிரித்தாள். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் அவளை ஏற்றிக்கொண்டு போனது. சன்னல் வழியே கையசைத்தாள். எனக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது. புது சைட்டில் அன்று கடைக்கால் கான்கிரீட். மேஸ்திரி ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் போக வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினேன்.